உலகப்பன் செதுக்கிய பாட்டு

மொட்டப்பாறைக்காரர்கள் பலே கெட்டிக்காரர்கள். வெளியூரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர்களே சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

அந்த ஊர் உலகப்பனுக்கு மாமன் மகள் செவந்தி மேல் உயிர். மாமன் சடையாண்டியோ சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினால்தான் பெண், வெள்ளிக்கிழமைக்குள் ஆகாவிட்டால் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

உலகப்பன் பதறிப்போய்க் கூட்டாளிகள் வெள்ளையனையும் தொப்பளானையும் கூப்பிட்டான். இரவல் லேப்டாப்பில் டிரம்ஸ், புல்லாங்குழல், கைத்தட்டல் என்று கிடைத்த சத்தத்தையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். பாட்டு நன்றாகத்தான் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? வெள்ளையன் செல்போனில் யாரோ ஒரு இசை வாத்தியார் சொன்ன பயிற்சிகளைத் தேடிப் பிடித்தான்.

பாட்டை ஓடவிட்டு அடுத்த அறையிலிருந்து கேட்க வேண்டுமாம். உலகப்பன் வீட்டில் இருப்பதே ஒரு அறை. ஆகவே மூவரும் பக்கத்து வீட்டு அடுப்படியில் போய் வரிசையாக நின்றார்கள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் என்னப்பா என்று பேச்சியக்கா கேட்டாள். பாட்டுக் கேட்க வந்தோம் என்றார்கள். அவள் கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு தாலாட்டுப் பாடினாள். ரொம்ப நன்றாக இருந்ததால் பயிற்சியில் தேறிவிட்டோம் என்று திரும்பினார்கள்.

அடுத்தது, காதுக்கு அவ்வப்போது ஓய்வு கொடுக்க வேண்டும்.

"காதுக்குத்தானே ஓய்வு? கைக்குச் சொல்லலையே," என்றான் தொப்பளான்.

நியாயந்தானே! மூவரும் காதில் பஞ்சடைத்து, மேலே துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு மூன்றாவது பயிற்சியில் இறங்கினார்கள். பாட்டிலிருந்து ஒவ்வொரு சத்தமாக எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்தும் வித்தியாசம் தெரியாவிட்டால் அது வேண்டாத சத்தம், தூக்கிப் போட்டுவிடலாம்.

உலகப்பன் டிரம்ஸை எடுத்துவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று சைகையில் கேட்டான். இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். தூக்கினான். கைத்தட்டலும் போயிற்று. கடைசியாக மிஞ்சிய புல்லாங்குழலில் கை வைக்கும்போது மட்டும் அவனுக்கு மனசே வரவில்லை, செவந்திக்குப் பிடிக்குமே. ஆனாலும் எடுத்தான். துளி வித்தியாசம் இல்லை, அதுவும் போயிற்று. இவ்வளவு குப்பையையா போட்டு வைத்திருந்தோம் என்று மூவருக்கும் வெட்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாமன் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியது. ஆள் உயர ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டான். மாமன் கண்ணை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

"மாப்ளே, கரகரப்பு இல்ல, இரைச்சல் இல்ல. இவ்வளவு சுத்தமா ஒரு பாட்டு என் ஸ்பீக்கர்ல ஓடினதே இல்ல," என்றார் மாமன். "ஆனா நடுவுல ஒரு குழந்தை அழுவுது பாரு, அது நல்லால்ல. அதை எடுத்துட்டு வா, தட்டு மாத்திக்கலாம்."

அழுதது கூட்டத்திலிருந்த கைக்குழந்தை. மூவரும் லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடத் தேடினார்கள். அழுகை எங்கேயும் இல்லை. கைக்கு எட்டிய கல்யாணம் போச்சே என்று உலகப்பன் கண் கலங்கிவிட்டான்.

"இல்லாததை எப்படிடா எடுக்கிறது?"

வெள்ளையன் வெகுநேரம் யோசித்தான். "முதல்ல போட்டாத்தானே எடுக்க முடியும்?"

அந்தக் குழந்தையையே தூக்கி வந்து, கிலுகிலுப்பையைப் பிடுங்கி அழவைத்துப் பதிவு செய்தார்கள். அழுகையைப் பாட்டின் நடுவில் சேர்த்தார்கள். பிறகு பக்குவமாக வெட்டி எடுத்தார்கள்.

மாமன் மறுபடியும் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அப்போதே தட்டை மாற்றினார்.

"கல்யாணத்துக்கும் இதையே போட்டுருவோம் மாப்ளே," என்றார். "ஆனா சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வை. வயசானவங்க வருவாங்க."