பெர்னார்ட் முந்திய இடம்

குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடனுக்கு நாற்பத்தாறு. தலை நரைத்த பிறகுதான் அவனுக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. நம்மில் பலருக்கு அப்போதும் வருவதில்லை.

குருவின் பெயர் கிரேஸ்லின். பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தாள். சீடன் இசக்கியப்பன் கிடார் வாசித்துப் பாடுகிறவன். பதிவான பாட்டைச் சீர்செய்யும் வேலையை அவளிடம் கற்று வந்தான். அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

ஒரு காலையில் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

"டீச்சர், ஒழுங்கா இருக்கிற தாளத்தை மறுபடி கெடுக்க முடியுமா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"பெர்னார்டுக்காக."

பெர்னார்ட் இறந்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

இசக்கியப்பனும் பெர்னார்டும் சேர்த்து அவர்கள் நாலு பேர். மூடிப்போன பேக்கரி ஒன்றின் ஷட்டரைத் திறந்து உள்ளே வாத்தியங்களைப் போட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கடையின் எண்ணையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள்: எட்டாம் நம்பர் கடை. சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்று முதல் நாளே சத்தியம் செய்துகொண்டார்கள். அதனால் எந்தக் கல்யாண வீட்டிலும் அவர்களைக் கூப்பிடவில்லை. சொந்தப் பாட்டுகளை ஆறு வருடம் தங்களுக்குத் தாங்களே வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒன்பது பாட்டுகளைச் சேர்த்து முதல் ஆல்பம் போடுவது என்று முடிவானது.

பெர்னார்ட்தான் டிரம்ஸ். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கை சுத்தம். ஒரே ஒரு குறை. பல்லவி வரப்போகிறது என்றால் அவனுக்குப் பொறுக்காது. நாலு அடி முன்னாலிருந்தே ஓட ஆரம்பித்துவிடுவான்.

புதிதாகக் கற்றுக்கொண்டவன் கை சும்மா இருக்குமா? இசக்கியப்பன் கம்ப்யூட்டரில் பெர்னார்டின் ஒவ்வோர் அடியையும் பிடித்து இழுத்துத் தாளக் கட்டத்துக்குள் உட்கார வைத்தான். மூன்று மாத வேலை. யாரிடமும் சொல்லவில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பெர்னார்ட் வருத்தப்படுவானே என்று பயந்து, பழையதை மிச்சமில்லாமல் அழித்தான்.

ஆல்பம் வெளிவர இரண்டு வாரம் இருக்கும்போது, பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்றிருந்த பெர்னார்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அந்த ஆல்பத்தை அவன் கேட்கவே இல்லை. முதலில் அது இசக்கியப்பனுக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதை நினைத்துத்தான் பிறகு அதிகமாக அழுதான்.

"முப்பதாம் நாள் பூசை முடிஞ்சி அவன் வீட்டுக்காரி ஸ்டெல்லா என்னைத் தனியாக் கூப்பிட்டா" என்றான். "ஆல்பத்தைக் கேட்டாளாம். 'இது அவங்க வாசிச்சது இல்லையே அண்ணே. சாப்பாட்டு மேசையில தட்டும்போதே நடுவுல வேகமா ஓடுவாங்களே, இதுல ஓடவே இல்லையே'ன்னு கேக்கா. அவன் வாசிச்சதைத் தாங்கன்னு கேக்கா, டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தாரேன்னுட்டேன்."

"எதைத் தருவீங்க?"

"அவன் எங்க ஓடுவான், எவ்வளவு ஓடுவான்னு எனக்குத் தெரியும். அடிகளை மறுபடியும் முன்னால தள்ளி வச்சிருதேன். அவளுக்குத் தெரியவா போகுது?"

கிரேஸ்லின் கொஞ்ச நேரம் அவனுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாள் நாலு பேரும் கடையில சேர்ந்து வாசிச்சீங்கல்லா? மத்தவங்களுக்கு வழி தெரியணும்னு நீங்க சும்மா ஒரு மைக்ல பாடினீங்களே, அது இருக்கா?"

"அது குப்பை டீச்சர். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பொறகு எல்லாத்தையும் நல்லாப் பாடிட்டேன்லா."

"அழிச்சீங்களா?"

"அதை அழிக்கணும்னுகூடத் தோணலை."

அவள் அதைத் தேடி எடுத்தாள். மற்ற எல்லாச் சத்தத்தையும் அணைத்துவிட்டு அதை மட்டும் ஓடவிட்டாள். கரகரவென்று இசக்கியப்பன் பாடினான். சரணம் முடிந்தது. மூச்சு வாங்கினான். பாடாமல் நின்ற அந்த இடத்தில், ரொம்பத் தூரத்தில், டிரம்ஸ் கேட்டது. பாடகனின் மைக்குக்குள் தானாக வந்து விழுந்த சத்தம். பல்லவிக்கு நாலு அடி முன்னால் அது ஓட ஆரம்பித்தது.

இசக்கியப்பன் வாயைப் பொத்திக்கொண்டான். மேசையில் தலை கவிழ்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். கிரேஸ்லின் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தது. மைக் மட்டும் திறந்தே இருந்திருக்கிறது.

"எலே பெர்னார்டு, ஒனக்கு எத்தனை தடவ சொல்ல? மாடு முட்ட வந்தமாரி ஏம்ல ஓடுத? ஒன்னாலதாம்ல இந்த ஆல்பம் நாசமாப் போவப்போகுது!" என்றது இசக்கியப்பனின் குரல்.

தூரத்தில் பெர்னார்ட் சிரித்தான். நன்றாக, வாய்விட்டு.

"பல்லவி வருதுல்லா. அது வரும்போது நான் எப்படில நிக்க?"

அதோடு பதிவு முடிந்தது.

இசக்கியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஸ்டெல்லாகிட்ட இதையே குடுக்கேன், டீச்சர். மத்ததை அழிச்சது நான்தான்னும் சொல்லிருதேன்."

"சரி."

"ஒண்ணே ஒண்ணு. நான் அவனை ஏசினதை மட்டும் வெட்டிருதேன். செத்தவனை ஏசினதை அவ எதுக்குக் கேக்கணும்? சிரிப்பும் அவன் பேச்சும் இருந்தாப் போதும்."

கிரேஸ்லின் எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தாள்.

"வெட்டுங்க அண்ணாச்சி. ஆனா பெர்னார்டண்ணன் யாரைப் பாத்துச் சிரிக்காருன்னு அந்தம்மா கேப்பாங்க."