கேள்விக்குறிகள் நிறைந்த வரைபடம்

முதலில், வியட்நாமிலிருந்து வந்த கட்டுமான வரைபடத்தைக் கம்பெனி அலுவலகத்தில் திறந்தபோது எழுத்துரு இல்லை என்று கணினி சொன்னது. இருப்பதைப் போட்டுக்கொள், இனிமேல் கேட்காதே என்று பொத்தானைத் தட்டினார்கள். எழுத்தெல்லாம் கேள்விக்குறியானது. இரண்டாவது, அந்தத் தாளையே அச்சடித்து வேலைத்தளத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாவது, யாரையும் கேட்காமல் உத்திரத்தில் எடை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டச் சொன்னார்கள். நான்காவது, உத்திரம் முறிந்து கால் நசுங்கிய தொழிலாளி பிச்சைக்கனியின் மேல் கவனக்குறைவு என்று பழியைப் போட்டு, வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். ஐந்தாவது, விசாரணைக்கு முன்னால் கேள்விக்குறிகளை அழித்துவிடும்படி சுடலைமணிக்கு மேலாளர் உத்தரவிட்டார்.

சுடலைமணி ஐம்பது வயதில் அந்த அலுவலகத்தில் கணினியில் வரைபடம் வரையக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த ரெஜினா அவரைவிட இருபது வயது இளையவள்.

"அழிச்சிரட்டுமா டீச்சர்?"

"எதை, அண்ணாச்சி?"

"இந்தக் குப்பையத்தான். கோடு இருக்கு, அளவு இருக்கு. எழுத்தை எவன் பாக்கான்?"

"குப்பைன்னு யார் சொன்னா?"

"கம்ப்யூட்டரே சொல்லுதே!"

"தனக்கு வாசிக்கத் தெரியலன்னுதான் அது சொல்லுது."

ரெஜினா வியட்நாம் அலுவலகத்தில் கேட்டு அந்த எழுத்துருவை வாங்கினாள். கணினியில் சேர்த்தாள். வரைபடத்தை மூடித் திறந்தாள். ஓர் எழுத்துகூட அவள் தட்டவில்லை. கேள்விக்குறி நின்ற இடங்களில் தொப்பியும் புள்ளியும் வைத்த எழுத்துகள் நின்றன.

இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. வேலைத்தளத்தின் வியட்நாமிய மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். அந்தப் பெண் வந்து பார்த்துச் சொன்னாள்: "இந்த உத்திரத்தில் எடை எதையும் தொங்கவிடக் கூடாது."

சுடலைமணி மேலாளரின் அறைப் பக்கம் பார்த்தார்.

"இதைக் காட்டுனா என் வேலை போயிரும் டீச்சர்."

"போகும், அண்ணாச்சி. எனக்கும்தான்."

விசாரணை அறையில் தொழிலாளர்கள் சுவரோரம் நின்றார்கள். பிச்சைக்கனி ஊன்றுகோலோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். சுடலைமணி புதிய தாளை மேசையில் விரித்தார்.

மேலாளர் சிரித்தார். "இவங்களே தட்டிக் கொண்டாந்தது சார். எங்க தாள்ல எச்சரிக்கையே கிடையாது."

"எழுதினது யாருன்னு இதுல இருக்கா?" என்றார் தொழிலாளர் துறை ஆய்வாளர்.

சுடலைமணி ரெஜினாவைப் பார்த்தார். அவள் எச்சரிக்கைக்குக் கீழே, வரைந்தவர் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"வாசிங்க அண்ணாச்சி. சுவரோரம் நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

அவர் நிமிர்ந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தந்த பெயரில் நாக்கு இடறியது. இருந்தும் உரக்க வாசித்தார்.

"திரான் தி லியென்."