விளக்கணைப்பானின் முகம்

பரஞ்சோதி ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குக் கருநீர் நாடு என்று பெயர். கடலுக்கு அடியில் இருக்கும் நாடு. சூரியன் கிடையாது. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு விளக்கை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆயுசுக்கும் அந்த வெளிச்சத்தில்தான் நடமாட்டம். அந்த நாட்டுக்கென்று குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை அவர் வரைந்துவந்தார். மீன் மேய்ப்பவள், குருட்டு முத்துக்காரன், கவிழ்ந்த கோபுரம் என்று சீட்டுக்கு ஒரு படம். எல்லாம் முடிந்து, மரணத்துக்கான சீட்டு மட்டும் பாக்கி நின்றது.

மரணத்துக்கு அவர் வைத்த பெயர் விளக்கணைப்பான். வீடு வீடாக வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவன். நெடிய உடம்பு வந்துவிட்டது. வாசல் நிலையில் ஊன்றிய கை வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. முகத்துக்கென்று விட்டிருந்த வெள்ளை இடத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

தாளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அது காத்திருப்பதுபோல் இருந்தது. துணி போட்டு மூடினார். துணி அசைந்தது. காற்றுதான். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை.

ஒருநாள் காலை, கதவைத் திறந்து, பாராமலே தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குன்றின் மேலிருந்த மடத்துக்கு ஏறினார். மடத்தை நடத்திவந்த அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். பரஞ்சோதிக்கு அவர்தான் குரு.

அம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மை, பயமில்லாம வரையறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"படத்தைக் காட்டுங்க."

பரஞ்சோதி விரித்துக் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அம்மை அந்த உருவத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார்.

"இது யார் வீடு?"

"யார் வீடும் இல்லை. கற்பனைதான்."

"நிலையில மாவிலை காஞ்சு தொங்குது. கடலுக்கு அடியில மாமரம் ஏது?"

பரஞ்சோதி திரும்பிப் பார்த்தார். வரைந்தது அவர் கைதான். எப்போது வரைந்தோம் என்று நினைவில்லை.

"என் தம்பி வீடு."

"தம்பி எப்படி இருக்கார்?"

"படுத்த படுக்கையா இருக்கான். ஈரல்ல கட்டி. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"போய்ப் பார்த்தீங்களா?"

"இந்த வேலை முடியட்டும்னு இருக்கேன்."

அம்மை எழுந்து கையைக் கழுவினார். குடையை எடுத்துக்கொண்டார்.

"கிளம்புங்க."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாதி வழியில், சந்தைப்பேட்டை நிறுத்தத்தில் பரஞ்சோதி இறங்கப் பார்த்தார்.

"அம்மை, இன்னொரு நாள் போகலாம். எனக்குக் கை நடுங்குது."

"தெரியுது. கம்பியைப் பிடிச்சுக்குங்க."

தம்பி திருமேனியின் வீடு எண்ணெய்ச் செக்குக்குப் பின்தெருவில் இருந்தது. நிலையில் மாவிலை சருகாகித் தொங்கியது. தம்பி மனைவி மரகதம் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அம்மை கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் இங்க இருக்கேன்."

உள்ளறைக்குப் பரஞ்சோதி தனியாகத்தான் நடந்தார். ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். பகலிலும் அறை இருட்டாக இருந்தது. டெட்டால் வாடை. கட்டிலில் போர்வை மட்டும்தான் கிடப்பதுபோல் இருந்தது. அதற்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. வாசற்படியில் அவர் நின்றுவிட்டார். நிலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"யாரது?" என்றது போர்வை.

அவர் நிலையை விடாமல் நின்றார்.

"யாரு? வாசல்ல நிக்கறது யாரு? மரகதம்! மரகதம், யாரோ வந்து நிக்கறான்!"

அந்த அலறல் பரஞ்சோதியின் நெஞ்சில் வந்து அடித்தது.

"நான்தான்டா திருமேனி. அண்ணன்."

கட்டிலிலிருந்து விசும்பல் கேட்டது.

"மூஞ்சியே தெரியலண்ணே. வந்துட்டான்னு நினைச்சுட்டேன்."

"நான்தான்டா."

"அங்க நிக்காத. உள்ள வா."

பரஞ்சோதி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திருமேனியின் கை சுள்ளியாய்ச் சிறுத்திருந்தது. ஆனால் கொதித்தது.

"பயமா இருக்குண்ணே."

சொல்வதற்கென்று பஸ்ஸிலேயே நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"எனக்கும்டா."

திருமேனி அவர் விரல்களை இறுக்கிப் பிடித்தான்.

"அப்ப கொஞ்ச நேரம் இரு. கால் மரத்துப்போகுது. பிடிச்சுவிடு."

அவர் பிடித்துவிட்டார். தம்பி தூங்கிப்போனான். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வந்தது. மறுபடி காத்திருந்தார். வந்தது.

திடீரென்று வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. கன்னங்கரேல் என்று, முகமே இல்லாமல். பரஞ்சோதிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. தம்பியின் காலை விடாமல் பிடித்துக்கொண்டார்.

உருவம் ஓரடி உள்ளே வந்தது. மரகதம். கையில் கஞ்சி.

"தூங்கறாரா மாமா? இப்படித் தூங்கி எத்தனையோ நாளாச்சு" என்றாள்.

வெயில் தாழ்ந்த பிறகு அம்மையும் அவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். சுருட்டிய படம் அவர் அக்குளில் இருந்தது.

"அம்மை, பயம் போகலையே."

"ம்."

"இனிமேயும் போகாதுன்னு தோணுது."

"ம்."

"அப்ப படத்துல அவனுக்கு என்ன முகம்தான் வைக்கறது?"

தெருக்கோடியில் பஸ் திரும்பியது. அம்மை குடையை மடக்கினார்.

"முகம் கிடக்கட்டும். எங்க உட்கார்ந்து வரையப்போறீங்க?"

பஸ் வந்து நின்றது. அம்மை ஏறிக்கொண்டார். பரஞ்சோதி ஏறவில்லை. படத்தோடு தம்பி வீட்டுப் பக்கம் திரும்பினார்.