நிற்காத முரசு

வந்தவர்களே, கொட்டாவியை விட்டு முடித்துவிட்டுக் கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னே கருங்கோட்டை என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே ராஜா கிடையாது, ஊர்ச்சபைதான் ஆண்டது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. பகைவன் வந்தால் கோட்டை வாசலில் போர் முரசு அடிப்பார்கள். முரசு ஒலிக்கிற வரை சேனாதிபதி சொன்னதுதான் சட்டம். நின்றதும் அதிகாரம் சபைக்கே திரும்பிவிடும்.

ஒருமுறை வடக்கேயிருந்து பகைவர் வந்தார்கள். சேனாதிபதி மழவராயன் பெரிய வீரன். பொய் சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்துப் போராடி அவர்களை ஓட ஓட விரட்டினான். ஊரே அவனைத் தோளில் தூக்கி ஆடியது. சபைத்தலைவரின் ஆசனத்திலேயே உட்கார வைத்தது. உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

“முரசை நிறுத்தலாமே?” என்று கேட்டார் சபைத்தலைவர் ஆதிநாதர்.

“பகைவன் இன்னும் ஆற்றங்கரையில் இருக்கிறான்” என்றான் மழவராயன்.

அறுவடை முடிந்ததும் கேட்டார். “காட்டில் ஒற்றர்கள் ஒளிந்திருக்கிறார்கள்” என்றான்.

சித்திரை பிறந்ததும் கேட்டார். “யார் மனசில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?” என்றான். அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

முரசு அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்கள் முறை வைத்து அடித்தார்கள். முதலில் குழந்தைகள் தூங்காமல் அழுதன. பிறகு அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகின. கடைசியில் யார் காதிலும் அது விழவில்லை.

ஒருநாள் உச்சிவேளையில் மதில்மேல் நின்ற மழவராயன் தூரத்தில் புழுதியைக் கண்டான். அதே பகைவர், இந்தத் தடவை இரண்டு மடங்கு! “ஓங்கி அடியுங்கள்!” என்று கத்தினான். முரசு அதிர்ந்தது. ஒருவரும் அசையவில்லை. தெருவில் இறங்கி ஓடினான். “பகைவன் வந்துவிட்டான்! ஆயுதம் எடுங்கள்!”

பிட்டு விற்கும் நாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இதைத்தானே ஐயா தினமும் சொல்றீங்க? முரசு அதுபாட்டுக்கு அடிக்கட்டும். நின்னாத்தான் எங்களுக்குப் பதறும்” என்றாள்.

மழவராயன் அப்படியே நின்றுவிட்டான். முரசை நிறுத்தினால் ஊர் எழும். ஆனால் ஆசனம் போய்விடும். நிறுத்தாவிட்டால் ஆசனம் இருக்கும். ஆளத்தான் ஊர் இருக்காது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? அட, நீங்கள் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை! அவன் யோசித்தான். புழுதி நெருங்குகிற வரை யோசித்தான். பிறகு ஓடிப்போய், முரசடிப்பவன் கையிலிருந்த கோலைப் பிடுங்கி எறிந்தான்.

முரசு நின்றது. ஊர் திடுக்கிட்டது. உலையை விட்டு, தறியை விட்டு, சாப்பிட்ட கையோடு எல்லோரும் கோட்டை வாசலுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் புழுதியைக் கண்டார்கள்.

கூட்டத்தில் ஆதிநாதரும் இருந்தார். மழவராயன் அவர்முன் கைகட்டி நின்றான். “முரசு நின்றுவிட்டது. இனி உத்தரவு உங்களுடையது” என்றான்.

பெரியவர் அவன் தோளைத் தட்டினார். “முதலில் மதில்மேல் ஏறு, தம்பி. நீதானே எங்கள் சேனாதிபதி!” என்றார்.

பொழுது சாய்வதற்குள் பகைவர் வந்த வழியே ஓடினார்கள். அன்று ராத்திரி, சத்தமில்லாத ஊரில் ஒருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. மழவராயன் மட்டும் நன்றாகத் தூங்கினான்.

ஆகவே, ஆபத்துக்காகக் கொடுத்த அதிகாரத்தை ஆபத்து தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.