ஓடைக்கு இந்தப் பக்கத்து மரங்கள்

வடகிழக்கு மலையூர் ஒன்றில் ஒரு ஹெர்பேரியம் இருந்தது. மரக்கிளைகளை உலர்த்தித் தாளில் தைத்து, யார், எங்கே, எப்போது பறித்தது என்று சீட்டெழுதி வைக்கும் இடம். அதைப் பார்த்துக்கொண்டவர் வடிவாம்பிகை. வயது நாற்பது. அவரிடம் பாடம் கற்க வந்த சந்தியாகுவுக்கு ஐம்பத்தெட்டு. தமிழ்நாட்டில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்றவர். மாணவர் மூத்தவர் என்பதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

கிழக்குச் சரிவில் சாலை போடக் கேட்டிருந்தார்கள். அங்கே, வெட்டத் தடையுள்ள காட்டு யூ மரம் உண்டா என்று பதிவுகளைப் பார்த்துச் சொல்லும் வேலை சந்தியாகுவிடம் வந்தது. இல்லை என்று அவர் எழுதினால் மறுவாரமே ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார். எண்பத்தொரு தாள்கள். எல்லாம் மேற்குச் சரிவு.

"மேடம், கிழக்கில் ஒன்றுகூட இல்லை. இல்லை என்றே எழுதிவிடட்டுமா?"

"ஏன் இல்லையாம்?"

சந்தியாகு இதற்குத் தயாராகவே வந்திருந்தார். "மேற்கில் நிழல் அதிகம். ஈரமும் அதிகம். நடுவில் இருக்கும் ஓடையைத் தாண்டினால் மண் மாறிவிடும்போல."

"மண்ணைப் பார்த்தீர்களா?"

"இல்லை. ஊகம்தான்."

"நல்ல ஊகம் சார். ஷூவைப் போடுங்கள்."

ஒரு மணி நேரம் நடந்தார்கள். பாதையின் இருபுறமும் யூ மரங்கள். பட்டை சிவப்பாக உரிந்து தொங்கியது. தாளில் பழுப்பாகப் பார்த்த ஊசியிலைகள் இங்கே கரும்பச்சையாக இருந்தன. ஒவ்வொரு மரத்தடியிலும் சந்தியாகு நின்றார்.

"மேடம், பாறையை ஒட்டி வளைந்திருக்கிறது பாருங்கள், சீட்டில் எழுதியபடியே. பதினேழாம் எண் தாளின் மரம் இது!"

கல்யாண வீட்டில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

ஓடை வந்தது. பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார். நாலு எட்டு அகலம், கணுக்கால் ஆழம்.

வடிவாம்பிகை கரையில் ஒரு தட்டைக்கல்லில் உட்கார்ந்தார்.

"எண்பத்தொன்றில் நான் பறித்தவை எத்தனை?"

"முப்பத்திரண்டு."

"கடைசியாக எங்கே பறித்தேன்?"

"சீட்டில் ஓடைக்கரை என்று இருக்கிறது."

"இந்தக் கல்தான்."

"அதற்கப்புறம் ஏன் போகவில்லை?"

அவர் எதிர்க்கரையை முகவாயால் காட்டினார். ஈரப் புல்லின் நுனிகளில் நூல் போல ஏதோ எழுந்து நின்று அசைந்தது. ஒன்றல்ல. புல்லுக்கு ஒன்று. அட்டைப்பூச்சிகள்.

"எனக்குப் பயம்," என்றார் வடிவாம்பிகை.

சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியராயிற்றே என்று அடக்கினார். வடிவாம்பிகையே சிரித்ததும் இவரும் சிரித்துவிட்டார்.

"மற்ற நாற்பத்தொன்பதும்?"

"எனக்கு முன்னால் இருந்தவர். அவர் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி."

அந்தக் கரையில் பனி இறங்கியிருந்தது. அதற்குள் ஏதோ மரங்கள் கரும்பச்சையாக நின்றன. என்ன மரம் என்று இங்கிருந்து தெரியவில்லை. சட்டைப்பையில் பாதி எழுதிய அறிக்கை இருந்தது. சந்தியாகு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் இதில் என்ன எழுத, மேடம்?"

வடிவாம்பிகை பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார். தன் காலுறைகளின் மேல் அழுத்தித் தேய்த்தார். மீதியை அவரிடம் நீட்டிவிட்டு, ஓடையில் இருந்த முதல் கல்லில் கால் வைத்தார்.

"அட்டைப்பூச்சி உண்டு என்று எழுதுங்கள் சார். மரத்தைப் பற்றித் திரும்பி வந்து எழுதுவோம்."