ராஜாவின் மயில்கழுத்து ஜாடி

அல்லிக்குளத்தை ஆண்ட முத்துவீர பூபதிக்கு நாடு சேர்க்கும் ஆசையே கிடையாது. கண்ணாடி ஜாடி சேர்க்கும் ஆசைதான். எந்தத் துறைமுகத்தில் பழைய ஜாடி வந்து இறங்கினாலும் அவருடைய ஆள் அங்கே நிற்பான். ஜாடிகளுக்கு ஆபத்து என்று அரண்மனையில் பூனை வளர்க்கத் தடை. சபையில் தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த்தான் தும்ம வேண்டும்.

அப்படிச் சேர்த்ததில் தலைசிறந்தது சீமையிலிருந்து வந்த பழங்காலப் பூஜாடி ஒன்று. மயில் கழுத்து மாதிரி அதன் மேல் ஒரு பளபளப்பு. சபை நடுவே பீடம் போட்டு வைத்தார்கள். ஆனால் ராஜா அதன் கிட்டே போகக் கூடாது. ஏற்கெனவே இரண்டு ஜாடிகளை ஆசையாகத் தூக்கிப் பார்த்துக் கைதவறிப் போட்டவர் அவர். "இதையாவது சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாருங்கள்" என்று ராணி சத்தியம் வாங்கிவிட்டார். பாவம் மனிதர், சிம்மாசனத்துக்குப் பின்வாசல் வழியாக வருவார், ஏக்கத்தோடு பார்ப்பார், வந்த வழியே போய்விடுவார்.

அந்தச் சபையில் ஆளுக்கோர் இடம். அப்பன் உட்கார்ந்த இடத்தில்தான் மகன் உட்கார வேண்டும். இடம் மாறினால் பெருங்குற்றம். இதை மதிக்காத ஒரே ஆள் கூத்தபிரான். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். வெயில் பட்டால் தூணோரம் நகர்வார். பக்கத்துப் புலவர் குறட்டை விட்டால் எதிர்வரிசைக்குப் போய்விடுவார். கோமாளிதானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை.

பக்கத்து நாட்டு ராஜாவும் ஜாடி சேர்ப்பவர்தான். அவர் வயிறு எரிய வேண்டாமா? ஜாடியைப் படமாக எழுதி அனுப்பலாம் என்று ஆஸ்தான ஓவியர் நாச்சியப்பனுக்கு உத்தரவு போயிற்று. நாச்சியப்பனின் இடம் கடைசி வரிசையில், வாசலோரம். அங்கிருந்தபடியே வரைந்து முடித்தார். தலை குனிந்து வந்து படத்தை நீட்டினார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. "என்னய்யா இது, பச்சையாக இருக்கிறது?"

"ஜாடி பச்சைதானே, மகாராஜா."

"ஊதா ஜாடியைப் பச்சை என்கிறாயா? ஊரார் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதானே இப்படி வரைந்தாய்?"

மந்திரி விருத்தகிரி சட்டென்று எழுந்தார். ஓவியர் பதவியில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "பிரபு, அடியேன் கண்ணுக்கும் சுத்தமான ஊதாதான். இவர் வேண்டுமென்றே உங்களை அவமதிக்கிறார். இப்படிப்பட்டவர் நாட்டிலேயே இருக்கக் கூடாது."

"ஊதாதான், ஊதாதான்" என்று சபை முழுக்கத் தலையாட்டியது. பொழுது சாய்வதற்குள் நாச்சியப்பன் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

"கைக்குழந்தையோடு எங்கே போவேன், மகாராஜா?" என்றார் நாச்சியப்பன்.

தூணோரம் இருந்த கூத்தபிரான் ஜாடியைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும். எல்லா இடத்திலும் உட்கார்ந்தவர் ஆயிற்றே. வாசலோரம் ஜாடி பச்சை. தூணோரம் நீலம். மந்திரி வரிசையில் செம்பு நிறம். ஊதாவை மட்டும் அவர் எங்கிருந்தும் பார்த்ததில்லை. ஆனால் இதை நேரே சொன்னால், ராஜாவின் கண்ணையே குறை சொல்கிறான் என்று மந்திரி திரித்துவிடுவார். இந்த மந்திரி வாயாலேயே காரியத்தைச் சாதிக்க வேண்டும் என்று எழுந்தார்.

"மந்திரியாரே, எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். உங்களுக்கு நிஜமாகவே ஊதாவாகத் தெரிகிறதா?"

"கத்தரிப்பூ மாதிரி தெரிகிறது."

"இன்றைக்கு மட்டும்தானா?"

"தினமும் பார்க்கிறேனய்யா."

"வேறு நிறம் தெரிந்ததே இல்லையா?"

"என் குலதெய்வத்தின் மேல் ஆணை. ஊதா, ஊதா, ஊதா."

"அது போதும்" என்ற கூத்தபிரான் ராஜாவைக் கும்பிட்டார். "ஓவியர் கிளம்புமுன் ஒரு விண்ணப்பம், மகாராஜா. ஜாடி கிட்டே போக வேண்டாம், ராணியாருக்குச் செய்த சத்தியம் அப்படியே இருக்கட்டும். சுவரோரமாக நடந்து போய் இவர் இடத்தில் சற்று உட்கார வேண்டும்."

கடைசி வரிசைப் பாயில் ராஜா உட்காருவதா? சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் ஜாடியை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்றதும் ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

பாயில் உட்கார்ந்து, "அட, பச்சை" என்றார். தூணோரம் போனார். "இங்கே நீலமய்யா." மந்திரியின் ஆசனத்தில் உட்கார்ந்தார். "இங்கே செப்புக்குடம் மாதிரி இருக்கிறதே." அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஓரிடம் விடாமல் எல்லார் இடத்திலும் உட்கார்ந்து எழுந்தார். எங்கும் ஊதா இல்லை. கடைசியில் மூச்சு வாங்கச் சிம்மாசனம் ஏறிப் பார்த்தார். ஊதா.

சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு ஜாடி விலைக்கு ஒரு கூடை ஜாடி வாங்கியிருக்கிறேனே. நாச்சியப்பா, நீ கண்டதைத்தான் வரைந்திருக்கிறாய். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். நீ எங்கும் போக வேண்டாம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு படம் எழுது."

நாச்சியப்பனுக்கு உயிர் வந்தது. விருத்தகிரி சத்தமில்லாமல் தன் ஆசனத்தில் போய் ஒடுங்கினார்.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், மகாராஜா" என்றார் கூத்தபிரான். "ஊதா தெரிகிற இடம் இந்தச் சபையில் சிம்மாசனம் ஒன்றுதான். நீங்களே உட்கார்ந்து பார்த்துவிட்டீர்கள். மந்திரியாரோ தினமும் ஊதாவைப் பார்ப்பதாகக் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டிருக்கிறார். நீங்கள் இல்லாத நேரத்தில் அவர் எங்கே போய் உட்காருகிறார் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்."

விருத்தகிரி தடாலென்று தரையில் விழுந்தார். "செம்பு, பிரபு. செம்பு, செம்பு, செம்பு. அடியேன் ஊதாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். படங்கள் முடியும்வரை நாச்சியப்பனுக்கு வண்ணம் குழைத்துக் கொடுப்பது மந்திரியின் வேலை என்று தீர்ப்பும் சொன்னார்.

மறுநாள் நாச்சியப்பன் தூணோரம் உட்கார்ந்து, "இங்கிருந்து உங்களுக்கு என்ன நிறம் தெரிகிறது, மந்திரியாரே?" என்று கேட்டார்.

விருத்தகிரி ஜாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "உங்களுக்கு எந்த நிறமோ அதேதான் எனக்கும், ஐயா" என்றார்.