வெண்கரையின் பொற்கூடை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மதகுக் காவலர் சூசைமாணிக்கம். சொல்லி முடிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காமல் கேட்க முயலுங்கள்.

முன்னொரு காலத்தில் வெண்கரை என்றொரு சிற்றூர் இருந்தது. அதை உண்டாக்கியவர்கள் ஏரியை வெட்டிய பிறகே வீடு கட்டினார்கள். கோடைதோறும் ஏரி வற்றியதும், வீட்டுக்கு நூறு கூடை வண்டலை அள்ளிக் கரையில் கொட்டவேண்டும் என்பது அவர்கள் வகுத்த வழக்கம்.

காலப்போக்கில் அந்தக் கூடை ஊராருக்குக் கனத்தது. முதலில் கூலியாளை அனுப்பினார்கள். பிறகு வெறுங்கூடையை அனுப்பினார்கள். கடைசியில் ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே கூடையைப் பொன்னால் செய்து, ஆண்டுதோறும் ஏரி நிரம்பியதும் பட்டுக்குடையின்கீழ் அதைச் சுற்றி ஊர்வலமாக எடுத்துவந்து, கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போய் விருந்துண்டார்கள்.

"தாத்தா காலத்தில் ஏரி நிரம்ப ஒரு மாத மழை வேண்டும். அப்பா காலத்தில் பத்து நாள். என் காலத்தில் ஒரே மழை! எல்லாம் நாம் செய்த புண்ணியம்" என்று மார்தட்டினார் ஊர்த்தலைவர் பொன்னம்பலவாணர். ஏரி ஏன் இத்தனை விரைவில் நிரம்புகிறது என்று கேட்கும் அறிவு அங்கே ஒருவருக்கும் இல்லை. பட்டு உடுத்த மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஓராண்டு மழை பாதியில் நின்றது. ஏரிக்குக் கீழே வெள்ளைச்சி என்பவளின் நெல், பால்பிடிக்கும் வேளையில் வாடியது. அதை விட்டால் அவள் பிள்ளைகளுக்கு வேறு சோறில்லை.

"ஐயா, ஒரே ஒரு நனைப்பு. மதகைத் திறந்துவிடுங்கள்" என்று தலைவரிடம் போய்க் கேட்டாள்.

"நாளை மன்னர் பொற்கூடை ஊர்வலம் பார்க்க வருகிறார். ஏரி குறைந்து தெரிந்தால் ஊரின் அழகு என்னாவது? போம்மா, போ!"

மறுநாள் மன்னர் வந்தார். "ஏழு யானையை விழுங்கும் ஆழம், மன்னா!" என்றார் தலைவர்.

"யானை எதற்கு ஐயா? என் எருமை இறங்கட்டும்" என்று முன்னே வந்தாள் வெள்ளைச்சி. "அது நீந்தினால் நான் தண்ணீரே கேட்கமாட்டேன். நடந்தால் மதகைத் திறக்கவேண்டும்."

"இப்போதே அழுதுவிடு, எருமை போயிற்று!" என்று ஊரார் கைகொட்டினார்கள்.

எருமை இறங்கியது. நடந்தது. நட்டநடு ஏரியில் அசைபோட்டபடி படுத்தது. படுத்தும் அதன் முதுகு நனையவில்லை.

"சேற்றைப் பார்க்கவா என்னை அழைத்தீர்?" என்றார் மன்னர். "திறவும் மதகை!"

திறந்தார்கள், நீர் வரவில்லை. மதகின் வாய் வண்டலில் புதைந்துகிடந்தது. ஒரு வீட்டிலும் மண்வெட்டி இல்லை. பொற்கூடையோ முதல் வாரலிலேயே நசுங்கியது. ஏரி வெட்டியவர்களின் வாரிசுகள் பட்டு வேட்டியை வரிந்துகட்டி, வெறுங்கையால் சேறு தோண்டினார்கள். பொழுது சாயுமுன் நீர் ஓடியது. வெள்ளைச்சியின் நெல் பிழைத்தது.

மன்னர் அத்துடன் விடவில்லை. "கூடை சுமப்பதை நிறுத்தி எத்தனை ஆண்டு?"

"என் தந்தை காலத்தையும் சேர்த்து... அறுபது, மன்னா" என்றார் தலைவர்.

"கோடை வந்ததும் வீட்டுக்கு வீடு பாக்கியைச் சுமந்து கொட்டுங்கள். ஆள் அனுப்பக் கூடாது."

முன்னோர் சுமந்ததைச் சொல்லிப் பெருமை பேசுகிறவன், தன் பங்கைத் தானே சுமக்கும்வரை அவர்களுக்குக் கடனாளியே. பொன்னம்பலவாணர் தம் தலையில் சுமந்து அடைத்த கடன்: ஆறாயிரம் கூடை மண்.